வகையும் வழியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், முற்பகல் அமர்வில் ஆற்றிய சொற்பொழிவு)



எனக்கு முன் பேசிய அறிஞர் கம்பனின் கவிநயத்தை எடுத்துரைத்தார். எனக்குப் பின் பேசவிருக்கும் அம்மையார் தமிழிசையைப் பற்றிக் கூற இருக்கிறார். இவ்விருவருக்கும் இடையே, பத்தாம் வகுப்புத் தேறியவுடன் இரயில்வேயில் சேர்ந்து, பார்சல் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் என்னைச் செயலாளர் நிறுத்தியிருக்கிறார். கணிப்பொறிக் கலையை நான் கல்லூரியில் கற்றவனல்லன். சங்கத்தின் வலைத்தளத்தைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் வந்த பின், இரவு வேளைகளில் படித்தும், இளைஞர்களைக் கேட்டும், செய்து பார்த்தும் அறிந்துகொண்டதே என் அறிவு. ஆகவே சொல்லில் குறை காணின் பொறுத்து, பொருளை மட்டும் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், வலைத்தளத்தில் உள்ள பதிவுகளை வகை வகையாகப் பிரித்து, வேண்டிய இடத்தில் வேண்டிய வகையை மட்டும் காட்டுவது எப்படி என்பது. இதற்குப் பயன்படும் கருவியை ஆங்கிலத்தில் ஷார்ட்கோட் என்பர். நாம் அதைக் குறுங்குறி என்று வழங்குவோம். இது பொறியாளர் பேச வேண்டிய பொருளன்றோ, சங்க விழாவில் இதற்கு என்ன இடம் என்று சிலர் எண்ணலாம். பிறந்த மண்ணைவிட்டு விந்தியத்திற்குத் தெற்கே, கோதாவரிக்கு வடக்கே வந்து வாழும் நமக்கு, நம் சங்கம் செய்யும் தொண்டு உரியவர் கண்ணுக்குப் புலப்படுகிறதா என்பது இப்பொருளைப் பொறுத்தே இருக்கிறது. இதனைப் படிப்படியாக விளக்க முயல்கிறேன்.

பகுத்து வைத்தல் என்பது தமிழருக்குப் புதியதன்று. தொல்காப்பியர் உலகத்துப் பொருள்களையெல்லாம் உயர்திணை, அஃறிணை என இரண்டாக வகுத்தார். நிலத்தையும் ஒழுக்கத்தையும் திணையாக வகுத்தனர் நம் முன்னோர். திருவள்ளுவரின் 1330 குறட்பாக்களும் 133 அதிகாரங்களில், அதிகாரத்திற்குப் பத்தாக அமைந்து, அறம், பொருள், இன்பம் என்னும் மூன்று பால்களுக்குள் அடங்கி நிற்கின்றன. அந்த 1330 பாக்களையும் கலைத்துக் குவித்து வைத்திருந்தால், நட்பைப் பற்றி வள்ளுவர் என்ன கூறினார் என்று அறிய விரும்புபவன் குவியல் முழுவதையும் புரட்ட வேண்டியிருக்கும். திவாகர நிகண்டும் சொற்களைப் பன்னிரண்டு தொகுதிகளாகப் பிரித்தே தருகிறது. தெய்வப் பெயருக்கு ஒரு தொகுதி, மக்கட் பெயருக்கு ஒரு தொகுதி என்று அது செல்கிறது.

நம் காலத்திற்கு நெருங்கி வருவோமாயின், சீர்காழியில் 1892-ஆம் ஆண்டில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் அவர்களை நினைக்க வேண்டும். கணிதம் கற்பித்துவந்த அவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். நூலக அறிவியலின் ஐந்து விதிகளை 1931-லும், கோலன் பகுப்பு முறையை 1933-லும் வெளியிட்டார். அவருடைய நான்காவது விதி வாசகரின் நேரத்தைக் காப்பதைப் பற்றியது. நூலகத்தில் நூல் இருப்பது மட்டும் போதாது. தேடி வந்தவன் கையில் அது விரைந்து கிடைக்க வேண்டும். வலைத்தளத்திற்கும் இது முற்றிலும் பொருந்தும்.

நிற்க. என் அலுவலகத்திலிருந்து ஓர் உவமை கூற இசைவளியுங்கள். பார்சல் அலுவலகத்திற்கு நாள்தோறும் மூட்டைகள் வருகின்றன. வந்த வரிசையிலேயே அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் என்ன ஆகும்? கடைசியில் வந்தது மேலே நிற்கும். முதலில் வந்தது அடியில் நசுங்கும். இன்றிரவு வண்டியில் ஏற்ற வேண்டிய மூட்டை எது என்று தேடி முடிப்பதற்குள் வண்டி புறப்பட்டுவிடும். ஆகையால்தான் ஒவ்வொரு மூட்டையின் மீதும் சேருமிடத்தின் குறியை எழுதுகிறோம். திசைவாரியாகப் பிரித்து வைக்கிறோம். மூட்டைக்குள் இருக்கும் பொருளில் மாற்றம் ஏதும் இல்லை. அதன்மேல் ஒட்டிய சீட்டே அதைச் சேர வேண்டிய ஊருக்குச் சேர்க்கிறது.

நம் சங்கத்தின் வலைத்தளம் நெடுங்காலம் வந்த வரிசையில் அடுக்கிய மூட்டைக் குவியலாகவே இருந்தது. பதிவு ஒன்றை வெளியிட்டால் அது முகப்பின் உச்சியில் அமரும். அடுத்த பதிவு வந்ததும் ஒரு படி கீழே இறங்கும். பொங்கல் விழாப் படம், பட்டிமன்ற அறிவிப்பு, தமிழ் வகுப்பு நேரம், மணமக்கள் தேவை, மறைந்த பெரியோருக்கு அஞ்சலி, பழைய மலர்க் கட்டுரை, மருத்துவமனைக்கு வருவோர்க்கு உதவி ஆகிய எல்லாம் ஒரே வரிசையில், நாள் முறைப்படி நின்றன. வலைப்பதிவு மென்பொருள்கள் பெரும்பாலும் தாமாகக் காட்டும் முறை இதுவே. நாட்குறிப்பு எழுதுவோர்க்கு இம்முறை ஏற்றது. தொண்டு செய்யும் சங்கத்திற்கு ஏற்றதன்று.

இதனால் விளைந்த துன்பம் ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், தைத் திங்களின் இறுதியில், தென்காசிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மையார் நோயுற்ற தம் கணவரையும் மகனையும் அழைத்துக்கொண்டு இந்நகரத்து மருத்துவமனைக்கு வந்தார். இந்தி மொழி மூவருக்கும் தெரியாது. வண்டி நள்ளிரவில் வந்து சேர்ந்தது. விடியும் வரையில் நடைமேடை விசுப்பலகையில் நோயாளியைக் கிடத்திவிட்டு இருவரும் அருகில் அமர்ந்திருந்தனர். காலையில், தமிழ் பேசுவோர் யாரேனும் உண்டா என்று அவர்கள் கைச்சாடையால் கேட்டதைப் புரிந்துகொண்ட சுமைதூக்கும் தொழிலாளர் ஒருவர், அவர்களை எங்கள் அலுவலகத்திற்கு அழைத்து வந்தார்.

"இந்த ஊரில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, உதவி செய்வார்கள் என்று ஊரில் சொன்னார்கள், ஐயா. மகன் கைப்பேசியில் தேடிப் பார்த்தான். எல்லாம் கோலப் படமாகவே வந்தது" என்றார் அந்த அம்மையார்.

அன்பர்களே, அவர் சொன்னது உண்மை. இரவு வேளையில் நிலையத்திற்கு வந்து அழைத்துச் செல்லும் தொண்டர் யார், தங்குமிடம் எது, மருத்துவமனையில் மொழிபெயர்க்க எவரை அழைக்கலாம் என்ற விவரமெல்லாம் அன்றும் நம் வலைத்தளத்தில் இருந்தன. ஆனால் அவ்வறிவிப்பு பொங்கல் விழாப் படங்களுக்குக் கீழே, மூன்றாம் பக்கத்தில் புதைந்திருந்தது. உதவி இல்லாமையால் வந்த துன்பமன்று அது. இருந்தும் கிடைக்காமையால் வந்த துன்பம். ஊருணியில் நீர் இருக்க, வழி தெரியாமல் வாய் வறண்டு நிற்பதற்கு இது ஒப்பாகும். அதன் பின்னரே ஆட்சிக் குழு கூடி, வலைத்தளத்தை வகைப்படுத்தும் வேலையை ஒருவரிடம் தனியாக ஒப்படைப்பதென்று முடிவு செய்தது. அப்பொறுப்பு என்னிடம் வந்தது.

இனி, வேலையின் முறையைக் கூறுகிறேன். நம் தளம் வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளால் இயங்குகிறது. மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்னும் இருவர் 2003-ஆம் ஆண்டு மே மாதத்தில் இதன் முதற்பதிப்பை வெளியிட்டனர். இது கட்டற்ற மென்பொருள். விலை இல்லை, அதன் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். சிறு சங்கங்களும் பள்ளிகளும் இதனைப் பெரிதும் நாடுவதற்கு இதுவே காரணம்.

இம்மென்பொருளில் பதிவுகளைப் பகுக்க இரண்டு வழிகள் அமைந்துள்ளன. ஒன்று வகை, மற்றொன்று குறிச்சொல். வகைக்குள் உள்வகை வைக்கலாம். பாலுக்குள் அதிகாரம் அமைந்தாற்போல. குறிச்சொற்களோ ஒன்றுக்கொன்று மேல் கீழ் இல்லாமல் உதிரியாக நிற்பவை. நூலின் முன்னுள்ள பொருளடக்கம் வகைக்கு ஒப்பாகும். பின்னுள்ள சொல்லடைவு குறிச்சொல்லுக்கு ஒப்பாகும். "மலர்க் கட்டுரை" என்பது வகை. அக்கட்டுரையில் பேசப்படும் தஞ்சாவூர், நாதசுரம் என்பன குறிச்சொற்கள்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வகையின் பெயரைப் பதிவின் உடம்பில் எழுதி வைப்பதில்லை. பதிவுகளுக்கு ஓர் அட்டவணை, வகைகளுக்கு ஓர் அட்டவணை, இன்ன எண்ணுள்ள பதிவு இன்ன எண்ணுள்ள வகையைச் சார்ந்தது என்னும் உறவுக்கு மற்றோர் அட்டவணை என்று தரவுத்தளத்தில் தனித்தனியே இருக்கின்றன. ஆதலால் ஒரே பதிவை இரண்டு வகைகளில் சேர்க்க விரும்பினால் படி எடுக்கத் தேவையில்லை. உறவு அட்டவணையில் இன்னொரு வரி சேர்ந்தால் போதும். வகையின் பெயரை மாற்றினாலும் ஆயிரம் பதிவுகளைத் திருத்த வேண்டியதில்லை. ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறிவிடும்.

எந்த வகையும் குறிக்காமல் வெளியிட்ட பதிவு என்ன ஆகும்? அது "வகைப்படுத்தப்படாதவை" என்னும் பொது வகையில் போய் விழும். உரிமை கோரப்படாத சரக்குகளை வைக்கும் அறை இரயில்வேயில் உண்டு; அதற்கு நிகரானது இது. நான் பொறுப்பேற்றபோது நம் பதிவுகளில் பெரும்பகுதி அந்த அறையில்தான் கிடந்தது.

ஒவ்வொரு வகைக்கும் பெயர் ஒன்று, முகவரியில் தோன்றும் சுருக்கப் பெயர் ஒன்று, எண் ஒன்று என மூன்று அடையாளங்கள் உண்டு. இதற்கும் இரயில்வேயில் ஒப்பு இருக்கிறது. மதராஸ் என்ற நகரம் 1996-இல் சென்னை என்று பெயர் மாற்றம் பெற்றது. அந்நகரத்துச் சென்டிரல் நிலையத்தின் பெயரும் 2019-இல் மாறிற்று. ஆயினும் அந்நிலையத்தின் குறி எம்.ஏ.எஸ். என்பதாகவே இன்றும் நிற்கிறது. திருச்சிராப்பள்ளியின் குறியாகிய டி.பி.ஜே. என்பதிலும் டிரிச்சினாப்பள்ளி ஜங்ஷன் என்ற பழம்பெயரின் எழுத்துகளே இருக்கின்றன. பெயர் மாறலாம், குறி நிலைத்திருந்தால் கணக்கில் குழப்பமில்லை. வகையின் சுருக்கப் பெயரும் அவ்வாறே ஒரு முறை வைத்த பின் மாறாதிருப்பது நன்று. அதை மாற்றினால், அதைக் கொண்டு அமைத்த குறுங்குறிகள் எல்லாம் வெறும் பட்டியலைக் காட்டும்.

தமிழ்த் தளங்களை நடத்துவோர் தனியாக அறிய வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. வகையின் பெயரைத் தமிழில் இட்டால், சுருக்கப் பெயரும் தமிழிலேயே தானாக அமைந்துவிடும். அதைச் சேமிக்கும்போது தமிழ் எழுத்துக் கூறு ஒவ்வொன்றும் விழுக்காட்டுக் குறியும் எண்ணும் எழுத்தும் கலந்த ஒன்பது குறிகளாக மாறுகிறது. "கி" என்பதில் ககரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு கூறுகள் உள்ளமையால் பதினெட்டுக் குறிகள் ஆகின்றன. சுருக்கப் பெயருக்கு ஒதுக்கிய இடமோ 200 குறிகள். எனவே இருபத்திரண்டு கூறுகளுக்குமேல் இடமில்லை. நீண்ட தமிழ்ப் பெயர் நடுவிலே அறுந்துபோகும். ஆகையால் பெயரை நல்ல தமிழில் முழுமையாக வைத்து, சுருக்கப் பெயரை மட்டும் நாலைந்து ரோமன் எழுத்துகளில் வைத்தோம். பலகையில் ஊர்ப் பெயர் தமிழில் இருக்க, சீட்டில் குறி மூன்றெழுத்தில் இருப்பதைப் போன்றது இது. இதனால் தமிழுக்கு இழுக்கு ஒன்றுமில்லை.

வகைப்படுத்தியாயிற்று. இனி அதைக் காட்டுவது எப்படி? இங்கேதான் குறுங்குறி வருகிறது.

தந்தி அலுவலகம் இருந்த காலம் பெரியோர்க்கு நினைவிருக்கும். திருமண வாழ்த்து அனுப்ப விரும்பினால், வாழ்த்து வாசகம் முழுவதையும் எழுத வேண்டியதில்லை. அதற்குரிய எண்ணை மட்டும் படிவத்தில் எழுதினால் போதும். மறுமுனையில் உள்ளவர் அந்த எண்ணுக்குரிய வாசகத்தை முழுமையாக எழுதி மணமக்களிடம் சேர்ப்பித்துவிடுவார். நம் நாட்டில் தந்திச் சேவை 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தோடு முடிவுற்றது. ஆனால் அந்தத் தத்துவம் முடியவில்லை. குறுங்குறி அதே தத்துவந்தான். 2008-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வெளிவந்த வேர்ட்பிரஸ் 2.5 பதிப்பில் இது முதன்முதலாக இடம்பெற்றது. பக்கத்தில் பகர அடைப்புக்குள் ஒரு சொல்லை எழுதிவிடுகிறோம். வாசகர் பக்கத்தைத் திறக்கும்போது, கணிப்பொறி அச்சொல்லை எடுத்துவிட்டு, அதற்குரிய உள்ளடக்கத்தை அவ்விடத்தில் வைத்துக் காட்டுகிறது.

தந்தி வாசகத்திற்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. தந்தி வாசகம் என்றும் மாறாதது. குறுங்குறியோ, பார்க்கும் நேரத்தில் தரவுத்தளத்தைக் கேட்டு, அன்றைய நிலையைத் தருவது. இன்று காலை புதிய உதவி அறிவிப்பு ஒன்றை வெளியிட்டால், அந்தப் பட்டியல் உள்ள பக்கத்தைத் தொடாமலே அதில் அது வந்து சேர்ந்துவிடும். பக்கத்தின் நகலைச் சேமித்து வைத்துக் காட்டும் துணைக்கருவி தளத்தில் இருந்தால் மட்டும் சிறிது தாமதமாகலாம்.

நம் சங்கத்திற்காக நாம் அமைத்த குறுங்குறி, தமிழில் எழுதிக் காட்டின் இவ்வாறு இருக்கும்:

[சங்கப்பட்டியல் வகை="உதவி" அளவு="5"]

உதவி என்னும் வகையைச் சார்ந்த பதிவுகளில் அண்மையில் வந்த ஐந்தைப் பட்டியலிடுக என்பது இதன் பொருள். "உதவி" என்பதை நீக்கி "தமிழ் வகுப்பு" என்பதற்குரிய சுருக்கப் பெயரை இட்டால், அதே கருவி வகுப்புச் செய்திகளைத் தரும். கணிப்பொறியில் இதை இடும்போது குறியின் பெயரையும் உறுப்புகளின் பெயரையும் ரோமன் எழுத்திலே இடுவது பாதுகாப்பானது. ஏனெனில் உறுப்புப் பெயர் தமிழில் இருந்தால் மென்பொருள் அதனை உணராது.

இதனை ஆக்குவதில் மூன்று படிகள் உள்ளன. முதற்படி, பி.எச்.பி. மொழியில் ஒரு செயற்கூறு எழுதுதல். குறுங்குறியில் குறித்த வகை, அளவு முதலிய உறுப்புகளை அது வாங்கிக்கொள்ளும். எவரேனும் அளவைக் குறிக்காமல் விட்டால் ஐந்து எனக் கொள்க என்பதுபோல் இயல்பு மதிப்புகளையும் அங்கே எழுதிவைக்க வேண்டும். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் வழக்கமானதை எழுத்தர் நிரப்பிக்கொள்வது போன்றது இது. இரண்டாம் படி, அச்செயற்கூற்றினுள் தரவுத்தளத்திற்கு ஒரு வினா விடுத்தல். எந்த வகை, எத்தனை, எந்த வரிசை என்ற மூன்றும் வினாவில் இருக்கும். விடையாக வரும் பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, தலைப்பையும் நாளையும் இணைப்பையும் கோத்துப் பட்டியல் ஆக்க வேண்டும். மூன்றாம் படி, இந்தப் பெயர் தோன்றும்போது இந்தச் செயற்கூற்றை அழைக்க என்று "ஆட் ஷார்ட்கோட்" என்னும் கட்டளையால் பதிவு செய்தல். நிரல் முழுவதும் முப்பது வரிகளுக்கு மேற்போகாது.

வரிகள் சிலவே ஆயினும் விழிப்பாக இருக்க வேண்டிய இடங்கள் சில உண்டு. பிற ஊர்ச் சங்கத்தாரும் வந்திருப்பதால் அவற்றை எடுத்துச் சொல்கிறேன்.

முதலாவது, செயற்கூறு தன் விடையைத் திருப்பித் தர வேண்டுமேயன்றித் தானே அச்சிடக் கூடாது. தானே அச்சிட்டால், குறுங்குறியை நடுவில் வைத்திருந்தாலும் பட்டியல் கட்டுரையின் தலைக்குமேல் போய் நிற்கும். இரண்டாவது, பட்டியலை முடித்தபின், பக்கத்தின் சொந்தப் பதிவுக்கு மென்பொருளின் கவனத்தைத் திருப்பிவிட வேண்டும். திருப்பாவிடின், பக்கத்தில் பின்னால் வரும் பகுதிகள் பட்டியலின் கடைசிப் பதிவையே தமக்குரியதாக மயங்கிக் கொள்ளும். கிளைப்பாதையில் வண்டியைச் செலுத்தியபின் பாயிண்டை மீண்டும் முதன்மைப் பாதைக்குத் திருப்ப வேண்டுவதைப் போன்றது இது. மூன்றாவது, குறுங்குறியில் எழுதப்பட்ட மதிப்புகளை அப்படியே நம்பாமல், தூய்மை செய்தபின்னரே பயன்படுத்த வேண்டும். கேடு செய்ய நினைப்பவர் நுழையும் வாயில் அதுவே.

நான்காவது, நிரலைத் தளத்தின் தோற்றத்திற்குரிய கோப்பில் வைக்காமல், தனி நீட்சியாக வைக்க வேண்டும். தோற்றத்தை மாற்றினால் அக்கோப்பு வழக்கிழந்துபோகும். புதுப்பித்தால் நம் வரிகள் அழிந்துபோகும். அப்போது வாசகர் பட்டியலைக் காணார். பகர அடைப்பும் அதற்குள் ஒரு புரியாத சொல்லுமே காண்பார். ஐந்தாவது, குறுங்குறிக்குச் சங்கத்தின் பெயரோடு சேர்ந்த தனிப்பெயர் வைக்க வேண்டும். வேறொரு நீட்சியும் அதே பெயரைப் பதிவு செய்தால், பின்னால் பதிவு செய்ததே நிலைபெறும். ஆறாவது, உள்வகைகளையும் சேர்த்துக் காட்டுவதா, வேண்டாமா என்பதை முன்னரே முடிவு செய்ய வேண்டும். வகையின் சுருக்கப் பெயரால் வினவினால் உள்வகைப் பதிவுகளும் சேர்ந்து வரும்; குறித்த வகையில் மட்டும் தேடுக என வினவுவதற்கு வேறு முறை உண்டு. ஏழாவது, பட்டியலில் ஒன்றுமே இல்லாதபோது வெற்றிடத்தைக் காட்டலாகாது. "தற்போது அறிவிப்பு இல்லை, செயலாளரை அணுகுக" என்று ஒரு வரி இருக்க வேண்டும். வீடு தேடி வந்தவரிடம் இல்லை என்பதையாவது வாய் திறந்து சொல்வது நாகரிகமன்றோ!

காலம் மாறிவருவதையும் மறைக்கலாகாது. 2018-ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த 5.0 பதிப்பு முதல் வேர்ட்பிரஸில் பக்கங்களைக் கட்டம் கட்டமாக அமைக்கும் முறை வந்துவிட்டது. 2021 ஜூலையில் வந்த 5.8 பதிப்பில், ஒரு வகையின் பதிவுகளை நிரல் எழுதாமலே பட்டியலிடும் கட்டமும் சேர்ந்தது. புதிதாகத் தளம் அமைப்பவர் முதலில் அதனைப் பார்த்து, போதுமாயின் அதையே கொள்வது அறிவுடைமை. நமக்குக் குறுங்குறி ஏற்றதாக இருப்பதற்குக் காரணம், கட்டங்களைக் கையாளத் தெரியாத முதியோரும் ஒரு வரியைத் தட்டிப் பட்டியலை வரவழைக்கலாம் என்பது. பட்டியலின் அமைப்பை மாற்ற விரும்பினால் ஓரிடத்தில் மாற்றினால் போதும் என்பது மற்றொன்று.

இம்முறையால் முகப்பின் உச்சியில் இன்று உதவிப் பட்டியல் நிற்கிறது. அதன் கீழே தமிழ் வகுப்பு. அதன் பின்னரே விழாப் படங்கள். உதவி வகையில் இடும் பதிவுகளில் நோயாளியின் பெயரோ நோயின் பெயரோ இடம்பெறுவதில்லை. தொண்டர் முறையும் தங்குமிட விவரமும் மட்டுமே இருக்கும். இவ்வாண்டு ஆடித் திங்களில் வந்த ஒரு குடும்பத்தினர், வண்டியில் வரும்போதே அப்பக்கத்தைத் திறந்து தொண்டரை அழைத்துவிட்டனர். அவர்கள் இறங்கியபோது நடைமேடையில் நம்மவர் இருவர் காத்திருந்தனர்.

இவ்வளவும் கருவியைப் பற்றிய பேச்சு. கருவியைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. எந்தெந்த வகைகளை வைப்பது என்பதே அது. கணிப்பொறி நாம் இட்ட சீட்டை ஒழுங்காகப் பார்க்கும். என்ன சீட்டு இடுவது என்று அது சொல்லாது.

வகைகளை முடிவு செய்த கூட்டத்தில், மணமக்கள் பகுதியைச் சாதிவாரியாக உள்வகைகளாகப் பிரிக்கலாம் என்று நண்பர் சிலர் கூறினர். தேடுவோர்க்கு எளிதாகும் என்பது அவர்கள் வாதம். வேறு சிலர், மாவட்டவாரியாகப் பிரிக்கலாம் என்றனர். அவர்கள் தீய எண்ணத்தோடு கூறவில்லை, வழக்கத்தைக் கூறினர். என் கருத்தைக் கேட்டபோது நான் சொன்னது இதுதான்: பார்சலுக்குச் சீட்டு ஒட்டுகிறோம். பயணியின் நெற்றியில் ஒட்டுவதில்லை. செய்திகளைப் பகுப்பது செய்தி தேடி வருவோரின் நேரத்தைக் காப்பதற்கு. மனிதரைப் பகுத்தால் அது யாரைக் காக்கும்? தஞ்சையிலும் நெல்லையிலும் கோவையிலும் நாம் வேறு வேறு தெருக்களில் பிறந்திருக்கலாம். இந்த ஊர் நம்மை ஒரே பெயரால் அழைக்கிறது. நடைமேடையில் விடியும் வரை காத்திருந்தவர்களை எங்களிடம் அழைத்து வந்த தொழிலாளர், அவர்கள் எந்த ஊர், எந்தக் குலம் என்று பார்த்து அழைத்து வரவில்லை.

நீண்ட நேரம் விவாதம் நடந்தது. மூத்த உறுப்பினர் ஒருவர் இறுதியில் எழுந்து, "விளம்பரம் தருபவர் தம் விருப்பத்தை எழுதிக்கொள்ளட்டும், சங்கம் தன் கையால் அப்படிப் பலகை மாட்ட வேண்டாம்" என்றார். அவ்வாறே முடிவாயிற்று. மனவருத்தம் அடைந்த நண்பர் ஒருவர் சிறிது காலம் கூட்டத்திற்கு வரவில்லை. இன்று அவர் முன்வரிசையில் அமர்ந்திருப்பதைக் கண்டு மகிழ்கிறேன். மணமக்கள் பகுதி இன்று பிரிவின்றி ஒரே வகையாக இருக்கிறது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தின் பழைய மலர்கள் அலமாரியில் இருக்கின்றன. சில தாள்கள் தொட்டாலே உதிர்கின்றன. இந்த ஊரில் முதன்முதலாகத் தமிழ் வகுப்புத் தொடங்கியவர் யார், இக்கட்டடத்திற்குக் கல் சுமந்தவர் யார் என்ற செய்திகள் அவற்றில்தான் உள்ளன. அவற்றை எழுதிய பெரியோருள் பலர் இன்று இல்லை. அக்கட்டுரைகளைத் தட்டெழுதித் தளத்தில் ஏற்றத் தொடங்கியிருக்கிறோம். தட்டெழுதுவதற்கு இளைஞர் வேண்டும். இன்ன கட்டுரை இன்ன வகை, படத்தில் இருப்பவர் இன்னார் என்று சொல்வதற்கு முதியோர் வேண்டும். முதியோர் அறிந்ததை இளைஞர் அறியார். இளைஞர் செய்ய வல்லதை முதியோர் செய்ய இயலாது. இருவரும் ஒரே மேசையில் அமர வேண்டும். ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு நூலக அறையில் அம்மேசை காத்திருக்கும்.

கட்டுரையோ அறிவிப்போ அனுப்பும் அன்பர்களும், தலைப்பின்மேல் அது எந்த வகையைச் சார்ந்தது என்று ஒரு சொல் எழுதி அனுப்புங்கள். உங்களுக்கு அது அரைநிமிட வேலை. அந்த ஒரு சொல்லால், நீங்கள் எழுதியது அதனைத் தேடி வருபவர் கைக்குப் போய்ச் சேரும்.

 தமிழிசை கேட்க நானும் உங்களோடு வந்து அமர்கிறேன்.